ஜெசிந்தாவைப் பாக்கப் போறேன்

ஏங்க,

விழுப்புரத்துக்கு நம்ம ஜெசிந்தாவைப் பாக்கப் போறேன். கேப்பைக் கூழும் மல்லாட்டைத் துவையலும் மூடி வச்சிருக்கேன்.

இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கினவ, அவளே வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு சொன்னீங்க. மூணு கிறிஸ்மஸ் போயிடுச்சு. இந்த வீட்ல நாம ரெண்டு பேரும் பேசிக்கிறதுகூட நின்னு போச்சு.

திருவருகைக் காலம்னா என்னன்னு நேத்து பூசையில சாமியார் சொன்னாரு. "மனுசன் திருந்தி வரட்டும்னு கடவுள் மேலேயே உக்காந்திருக்கல. அவரே முதல்ல கிளம்பி வந்தாரு." நீங்க ஆம்பளைங்க பக்கம் தலையைக் குனிஞ்சிக்கினு இருந்தீங்க.

அவ கதவைத் திறக்கலன்னாலும் பரவாயில்ல. அம்மா தேடி வந்தான்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்.

பிலோமினா

மறந்துட்டேன். மத்தியான பஸ் வரைக்கும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருப்பேன். உங்க வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக் கொடியில போட்டிருக்கேன்.