ஆறாவது மணியின் நாக்கு

லோவர் டென்பி
9 ஜூன் 1977

அன்புள்ள தம்பி வில்ஃபிரட்டுக்கு,

அக்கா எனிட் எழுதுவது. நலமா என்று கேட்கும் பொறுமை இப்போது இல்லை, கடைசியில் கேட்கிறேன். முதலில் நீ செய்துவிட்டுப் போன காரியத்தைக் கேள்.

செவ்வாய்க்கிழமை ராணி பட்டமேறிய வெள்ளிவிழா. ஏப்ரலில் உன்னவள் கோனியை அடக்கம் செய்த மூன்றாம் நாளே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூசிலாந்துக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டாய். அதிலிருந்து நீ அடிக்கும் பெரிய மணிக்கு ஆளில்லாமல் தேவாலயத்தில் மணி அடிக்கவே இல்லை. விழாவுக்காகப் பக்கத்து ஊர்த் தபால்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஆறு மணிகளின் கயிறுகளையும் ஆறு பேராகப் பிடித்தோம். முதல் அடி கணீரென்று வந்தது. அடுத்த அடி, போர்வைக்குள் இருமுவது போலப் 'பொத்'தென்றது.

கோனியின் அடக்கத்துக்காக, ஓசை மங்கும்படி மணி நாக்குகளில் ஒரு பக்கம் கட்டிய தோலை நீ கழற்றவே இல்லை! துக்கம் முடிந்த மறுநாளே கழற்றவேண்டும் என்று முப்பது வருஷமாக எங்களை விரட்டியவன் நீ.

தெருவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மிஸஸ் பார்ஜிட்டர் கத்தியும் கையுமாகக் கோபுரத்தடிக்கே வந்துவிட்டாள். "என்னடி எனிட், ராணி போயிட்டாங்களா? கேக்கை வெட்டவா, மூடி வைக்கவா?" என்கிறாள். பாதிரியாரோ, "பட்டமேறின நாளுக்கு அடிக்கச் சொன்னா, இழவு சேதி சொல்றீங்களே!" என்று என் மேல் பாய்ந்தார். போதாக்குறைக்கு மழை. காகிதக் கொடிகளின் சாயம் ஒழுகி சாண்ட்விச் எல்லாம் நீலம். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள்.

மறுநாள் வலிக்கிற முழங்காலோடு நானே கோபுரம் ஏறினேன். படிக்கொரு தரம் உன்னைத் திட்டினேன். ஐந்து தோலைக் கழற்றிவிட்டேன். ஆறாவது, உன் பெரிய மணி. அதில் வார் அறுந்துபோய், நாடா போட்டுக் கட்டியிருந்தாய். கோனியின் சமையல் ஏப்ரனில் இருந்த மஞ்சள் நாடா. கையில் கத்தரிக்கோல் இருந்தும் வெட்ட மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவன் நீ. மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. உன் பூனை என் நாற்காலியைப் பிய்த்துவிட்டது.

இனி ஞாயிறுதோறும் வருவதாகத் தபால்காரர் சொல்லியிருக்கிறார். மற்ற ஐந்து மணிகளும் ஒழுங்காக ஒலிக்கும், உன்னுடையது மட்டும் விக்கும். யாராவது கேட்டால் முடிச்சு இறுகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அதை அவிழ்க்க நீதான் வரவேண்டும்.

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். கடைசியில் கேட்கிறேன் என்றேனே. நலமாடா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் அக்கா,
எனிட்