ஹனீபா கொண்டுவந்த நெய்மீன்

ரைஹானத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகந்தானே? உம்மாவுக்கு முட்டுவலி குறைஞ்சுதா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

எங்க கப்பல் இப்போ குஜராத் கடல்ல மீன் கணக்கெடுக்குது. தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி, மீன்கூட்டத்தத் திரையில பாப்போம். பொறவு வலை போட்டு, வந்த மீனை ஒவ்வொண்ணா நான் அளப்பேன். நேத்து திரையில பெரிய மேகம்போல தெரிஞ்சுது. சாளை மீன்தான்னு அடிச்சுச் சொன்னேன். வலையில வந்ததெல்லாம் தொட்டா அரிக்கிற சொறிமீன், அதான் ஜெல்லிமீன். கை கொஞ்சம் தடிச்சிருக்கு, பயப்படாத. வலை ஏறுமுன்ன பேசப்பிடாதுன்னு எங்க ஆபீசர் சார் சிரிச்சார்.

சரி, பேசல. கேக்குதேன். அண்ணைக்கு போன்ல உனக்குப் பின்னால சிரிச்சது உன் மாமி மவன் ஹனீபாதானே? நெய்மீன் கொண்டுவந்தான்னு சொன்னியே, குளச்சல்ல அவனுக்கு வேற வீடே இல்லியா? ஒரு நாளைக்கு முந்நூறு மீன் அளக்குதேன், அந்த ஒரு மீனைத்தான் அளக்க முடியல.

கரைக்குத் தபால் கொண்டுபோற படகுக்காரன் காத்து நிக்கான். இனி அவன் மீன் தந்தா எத்தன சாண்னு எழுது. உன் சாண் எவ்வளவுன்னு எனக்கு மறந்துபோச்சு. தாள்ல கைய விரிச்சு வச்சு, சுத்தி வரைஞ்சு அனுப்பு. பேனாவ நீயே பிடி, அவன் பிடிக்கவேண்டாம்.

செய்யது