ஒக்புன் அக்காவின் சுவர்

1978 நவம்பர் 9, இன்சன்

இன்று கப்பல் முதலாளி வீட்டில் நான்கு அறைகளுக்குச் சுவர்த்தாள் ஒட்டினேன். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். (அழவில்லை. மூக்கைச் சிந்தினார்.) என் பசைக்கு இந்த ஊரில் ஈடு கிடையாது. சுவர் இடிந்தாலும் தாள் நிற்கும்.

சாயங்காலம் என் அக்கா ஒக்புன் வந்தாள். அறுபத்திரண்டு வயதிலும் பஞ்சாலைப் பெண்களுக்காகச் சண்டை போட்டுத் திரிகிறாள். பதினாறு வயதில் தறியை நிறுத்தியதற்கு அப்போது எங்களை ஆண்ட ஜப்பான்காரன் உள்ளே போட்டான். அதன் பிறகு ஆட்சிக்கு வந்தவர்களும் சளைக்காமல் போட்டார்கள். ஒரு மூட்டையை இறக்கினாள். நாற்பது வருஷத்துக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், பெண்கள் கைப்பட எழுதிக் கொடுத்த புகார்கள்.

"அடுப்புல போட்டுடாதடா. போட்டா அவங்க பட்டதெல்லாம் நடக்கவே இல்லன்னு ஆயிடும்."

"என்கிட்ட குடுத்துட்டல்ல? பட்டாளமே வந்தாலும் நான்..."

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. அதுவே போதும்."

நவம்பர் 11

அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நவம்பர் 12

மூட்டையைப் பிரித்தேன். கோணல்மாணல் கையெழுத்து, எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. தாளுக்குத் தாள் பெண்களின் பெயர், ஊர். இன்னும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். இது அகப்பட்டால் அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். எங்கே வைப்பது? கிம்ச்சி ஊறுகாய் ஜாடியிலா? தேட வருகிறவர்கள் முதலில் கை விடுவதே அதில்தான்.

நவம்பர் 14

கண்டுபிடித்துவிட்டேன். நான் யார்! எல்லார் வீட்டிலும் சுவரில் முதலில் பழைய தாளை ஒட்டி, அதன் மேல்தானே பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டுகிறோம்? எங்கள் அறைச் சுவரில் பழைய தாளுக்குப் பதில் அக்காவின் தாள்கள். ஓரங்களில் மட்டும் தண்ணீராகக் கரைத்த மாவுப் பசை. அக்கா வந்ததும் கிழியாமல் உரிக்க வேண்டுமே. என் மனைவி சுன்ரே சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதைக் கஞ்சின்னு வச்சா பூனைகூட மூஞ்சியத் திருப்பிக்கும்."

நவம்பர் 20

வந்தார்கள். ஆறு பேர் — ச்சே, இதிலுமா அளப்பது? ஒருவன்தான். பெயர் பியோ. சீருடை இல்லாத போலீஸ். ஒருவனே போதுமாக இருந்தது.

அரிசி, ஜாடி, போர்வை எல்லாவற்றையும் கொட்டிக் கிளறினான். பிறகு அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரையில் சம்மணம் போட்டு, அந்தச் சுவரிலேயே சாய்ந்தான். குளிருக்காக சுன்ரே அடுப்பில் கரியை அள்ளிப் போட்டிருந்தாள். அறை கொதித்தது. அவன் தலைக்கு மேலே பூத்தாளின் மூலை மெல்ல, ஐயோ, மெல்லச் சுருண்டு எழுந்தது. 

அண்ணாந்து பார்த்தான். சுவரை விரலால் தட்டினான். காற்றுப் புகுந்த தாள் டொப்பென்றது.

"என்னய்யா, சுவர் பூரா கொப்புளம்? இன்சன்லயே பெரிய ஆளு நீதான்னு கள்ளுக்கடையில அளந்தியாமே?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"சும்மா பீத்திக்கிட்டது சார். எனக்கு ஒட்டவே வராது."

"எங்கம்மா வீட்டுல ஒட்டினாரு பாருங்க," என்றாள் சுன்ரே, "மொத்தமா கழண்டு எங்கப்பா தலைல விழுந்துச்சு. சோத்துக் கிண்ணத்தோட மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டாரு."

சிரித்தான். சிரித்துக்கொண்டே போனான். இடுப்புத் துணிக்குள் செருகியிருந்த இந்த நோட்டை அப்புறம்தான் வெளியே எடுத்தேன்.

டிசம்பர் 3

பியோ கள்ளுக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். அரிசிக்கடைக்காரர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். "உங்க கொப்புளமெல்லாம் நமக்கு வேணாம்ணே." ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

1979 பிப்ரவரி 6

கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டில்.

1979 டிசம்பர் 17

அக்காவை விட்டுவிட்டார்கள். முன்பல் இரண்டைக் காணோம். 

சுவர்த்தாளின் ஓரங்களை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி உரித்தேன். ஒவ்வொரு தாளும் முழுசாக வந்தது. அவள் மடியில் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வர்ற வழியில கள்ளுக்கடைக்காரி கூப்பிட்டா. 'உங்க தம்பிக்கு ஒட்டவே தெரியாதாமே'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"சின்ன வயசுலேருந்தே அவனுக்கு வராதுன்னேன்."

கடைசித் தாளையும் பார்த்து முடித்தாள். தலைநகர் சியோலில் மறுபடி பட்டாளத்து வண்டிகள் நிற்கின்றனவாம். தாள்களை அடுக்கி என்னிடமே நீட்டினாள்.

"முன்ன மாதிரியே ஒட்டிடுடா."

சுன்ரே மாவுச் சட்டியை எடுத்து வந்தாள். தண்ணீரை நிறையவே ஊற்றினேன்.