வேலை முடிந்த திரை

இன்று காலை அம்மாவுக்குக் கண் மருத்துவரிடம் டோக்கன் போட்டேன். புது ஆப். ‘பதிவாகிவிட்டது’ என்று பச்சைத் திரை வந்ததும் பேக் பட்டனைத் தொட்டேன். முகப்பு வரவில்லை. நான் நிரப்பி அனுப்பிய அதே படிவம், மறுபடி அனுப்பச் சொல்லி நின்றது. மருத்துவமனையில் எங்கள் பக்கத்தில் இருந்த பெரியவர் பெயரில் இரண்டு டோக்கன். “நான் ஒண்ணுதானேம்மா போட்டேன்?” என்று என்னையே கேட்டார். இதையும் ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதியிருப்பான். நீ இருந்தால், “நாலு வருஷம் படிச்சு இதத்தான் கிழிச்சானா?” என்றிருப்பாய்.

தஞ்சாவூரில் உரக்கடைக்கு மேல்மாடியில் நம் ஆபீஸ். நீ ஒரத்தநாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் மன்னார்குடியிலிருந்து. விவசாயிகள் அறுவடை மெஷினை வாடகைக்குப் போனிலேயே பதிவு செய்யும் ஆப்பை நாம் இருவரும்தான் எழுதினோம். நம் முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் கலர். பச்சையில் ஆறு வகை கேட்டவர், ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது, எப்படித் திரும்புவது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீதான் அவரிடம் போய்ச் சொன்னாய். “ஒண்ணு மேல ஒண்ணா திரை உக்காருது சார். பதிவு முடிஞ்சதும் அடியில கெடக்கறத எல்லாம் எடுத்துடணும். இல்லேன்னா பேக் போனா பழைய ஆளோட வயலே திரும்ப வரும்.”

“விவசாயி எங்கம்மா பேக் பட்டனைத் தொடப்போறான்?”

“எங்கப்பா தொடுவாரு சார். அவரும் விவசாயிதான்.”

அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். நீ எழுதி வைத்த பிழைக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டியவள் நான். ‘தேவையில்லை’ என்று போட்டு மூடினேன். அவர் என்னைக் கெட்டிக்காரி என்றார். அந்த ஆளிடம் கெட்டிக்காரி என்று பேர் வாங்க எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தை மாதம், சம்பா அறுப்பு. ஒரு அம்மா துணிப்பையோடு மாடியேறி வந்தார். தன் போனில் முதலில் பக்கத்து வயல்காரருக்குப் பதிவு செய்திருக்கிறார். முடிந்ததும் பேக் போய், பெயரை மட்டும் மாற்றித் தனக்கும் அனுப்பியிருக்கிறார். வயலின் இடம் பழையதாகவே போய்விட்டது. மெஷின் பக்கத்து வயலை அறுத்து முடித்து, அடுத்த பதிவும் அதே இடம் என்று பார்த்துவிட்டு, இவர் வயலுக்கு வந்து பார்ப்பதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டது. மறுநாள் மழை. சாய்ந்த பயிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. பையிலிருந்து ஒரு பிடி கதிரை எடுத்து மேசைமேல் வைத்தார். நெல்லிலிருந்து பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க தப்பா அமுத்திருக்கீங்கம்மா” என்றார் முதலாளி. என்னைப் பார்த்தார். “ஆமா சார்” என்றேன்.

நீ அந்த அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “அன்னிக்கு செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்க” என்றாய். ஒரு விரலால் நிதானமாகத் தொட்டுக் காட்டினார். எல்லோர் கண்முன்னாலும் பழைய வயல் வந்து நின்றது. முதலாளி போன் வந்ததுபோல் வெளியே போனார். நீ அங்கேயே உட்கார்ந்து திருத்தினாய். ஒரே ஒரு வரி. எழுத எனக்கும் தெரிந்த வரி.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முதலாளியைத் திட்ட ஆரம்பித்தேன். “அவனை விடுடி. அவனுக்குத் தெரியாது” என்றாய். என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நடந்தாய். “உனக்குத் தெரியும்ல.” அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. அடுத்த மாதம் வேலையை விட்டாய். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் வாழ்த்து அனுப்பினாய். மார்பில் வந்த கட்டியைப் பற்றிக்கூட வேறு யாரோதான் எனக்குச் சொன்னார்கள். அப்புறம் கிளம்பிப் பார்க்க வரலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்தவர்கள் உன் கருணையைப் பற்றிச் சொன்னார்கள். இருந்திருக்கலாம். எனக்கு நீ விட்டுப்போனது ‘உனக்குத் தெரியும்ல’ என்ற அந்த இளக்காரம்தான், அதுவும் என் பங்குக்கு நியாயமாக வந்தது. இப்போது நான்தான் எங்கள் குழுவுக்குத் தலைவி. பிழைக்குறிப்பை மூடும் இடத்துக்கு விரல் போகும்போதெல்லாம், நீ என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறாய். விரலை எடுத்துவிடுகிறேன்.