போலந்துக்கு ஒரு போலி முதலாளி

14 மார்ச் 1996, வியாழன்

புவியியல் பாடத்துக்காக ஆளுக்கொரு வெளிநாட்டு ஊராட்சியைப் பற்றி எழுத வேண்டும். எனக்கு விழுந்தது போலந்தில் ஒரு பட்டிக்காடு. மாணவன் என்று எழுதிக் கேட்டால் எவன் பதில் போடுவான்? மேப்பிள் மரத்துப் பாகு விற்கும் கம்பனியின் மனேஜிங் டைரக்டர் என்றும், தொழிற்சாலை கட்ட இடம் தேடுகிறேன் என்றும் பள்ளிக்கூடக் கணினியில் கடிதம் அடித்து அந்த ஊராட்சிக்கு அனுப்பினேன்.

இன்று பதில் வந்தது. கூடவே வழவழப்பான ஒரு கையேடு. ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் ஊர்’ என்று பீற்றல். பாரம்பரியம் என்றால் கூரையில் நிற்கும் நாரை. நவீனம் என்றால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் டிஷ் அன்ரனா. இரண்டில் நாரைதான் வேலை செய்கிற மாதிரித் தெரிகிறது.

அக்கா உறையைத் தூக்கிப் பார்த்தாள். “டேய், ஆரடா உந்த மனேஜிங் டைரக்டர்?”

“நான்தான். உனக்கும் ஒரு வேலை போட்டுத் தரட்டோ?”

“முதல்ல உள்ளுக்கு இருக்கிற கடிதத்தை வாசி.”

ஊராட்சித் தலைவர் ஓட்டை ஆங்கிலத்தில் கையால் எழுதியிருக்கிறார். கூட்டம் கூடி, பள்ளிப் பிள்ளைகளின் பந்து மைதானத்தை என் தொழிற்சாலைக்கு ஒதுக்கிவிட்டார்களாம். கோல் கம்பங்களையும் பிடுங்கியாயிற்றாம். ஒரேயொரு கடிதத்தை நம்பி! இப்படியும் மடையர்கள் உண்டா?

“இப்ப என்னடா செய்யப்போறாய்?” என்றாள் அக்கா. நான் கையேட்டைத் திரும்பவும் புரட்டினேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மைதானத்தின் படம் இருக்கிறது. என் வயதில் ஒரு மடையன் கோலுக்குள் நின்று சிரிக்கிறான். ‘மதிப்புக்குரிய ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு’ என்பது வரை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.