வள்ளல் கட்டிய கல்விக் கட்டணம்

மார்ச் 4

இன்றைக்கும் விருந்தாளிகள். எங்கள் மூடிகளை வாங்கும் மருந்து கம்பெனிக்காரர்கள். முதலாளி அவர்களை நேராக என் மேசைக்கு அழைத்து வந்தார். சிரப் பாட்டிலில் மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இந்தம்மாவை நாங்கதான் டிகிரி படிக்க வைக்கிறோம். மாலை காலேஜ். முழுச் செலவும் கம்பெனியோடது."

எழுந்து நின்று சிரித்தேன். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. சந்தையில் நிற்கும் மாட்டுக்காவது கொஞ்சம் வைக்கோல் போடுவார்கள்.

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வள்ளல்.

மார்ச் 11

சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் அக்காவோடு சண்டை. பெரிய சண்டை இல்லை, வழக்கமானதுதான்.

"சம்பளத்தை ஒழுங்கா குடுத்தா நீயே கட்டிப் படிக்க மாட்டியா? அவன் எதுக்குடி நடுவுல?"

நான் காலேஜில் கற்பது நாளைக்கு அவர் மேசையில்தானே உழைக்கப் போகிறது, அதற்கு அவர் கட்டினால் என்ன தப்பு என்றேன்.

"கட்டட்டும், யாரு வேணாம்னா? கட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும். அதுதான் அந்த ஆளால முடியலையே."

அக்கா சொல்வதும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால் மறுக்க முடிவதில்லை. "படிக்க வைக்கிறோமேம்மா" என்று இழுப்பார். நன்றி சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது.

ஏப்ரல் 22

கோபம் இன்னும் தணியவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கலாம்.

காலையில் வந்த மூடிகளில் விளிம்பு சரியில்லை. அச்சு தேய்ந்திருக்கிறது. கவிழ்த்தால் சொட்டுகிறது. சிவப்பு அட்டை மாட்டி நிறுத்திவிட்டேன். வள்ளலே இறங்கி வந்தார்.

"வெளியே லாரி நிக்குதும்மா. கையெழுத்தைப் போடு."

"கசியுது சார். குழந்தைங்க மருந்துக்குப் போற மூடி."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"நீங்க அனுப்புன காலேஜ்லதான் சார்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் வம்புக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யார் காசுல பேசறேன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

போடவில்லை கையெழுத்து. வேறு யாரோ போட்டார்கள். சாயங்காலம் லாரி போய்விட்டது.

மே 6

சோதனை மேசையிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். இனி பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும்.

ஜூன் 9

தேர்வு எழுத விடவில்லை.

ஹால் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். "உங்க கம்பெனி இந்த தடவை கட்டலையேம்மா. இனிமே கட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை. வள்ளல் நேற்றுகூட நான் மடித்த பெட்டியைத் தாண்டித்தானே போனார்! "நல்லா படிக்கிறியாம்மா"ன்னு கேட்டாரே! கேட்டுட்டு — எப்படி வாய் வந்தது அந்த மனுஷனுக்கு? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா எங்கேயாவது கைமாத்து வாங்கிக் கட்டியிருக்க மாட்டேனா? வேணும்னே செஞ்சது. வாசல்ல வச்சு, எல்லாரும் பார்க்க, என்னைத் திருப்பி அனுப்பணும்னே செஞ்சது.

என்னோடு படிக்கிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஜூன் 10

அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குடுத்தது எங்க இஷ்டம். நிறுத்தறதும் எங்க இஷ்டம். அது உதவிம்மா. உன் உரிமை இல்ல."

ஜூன் 11

இனி அவர் இல்லை. அவன்.

அவன் காரின் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்க வேண்டும். அவன் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையில் அந்தக் கசிகிற பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். அவனும் ஒரு வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பெட்டி மடிக்கும்போது இதைத்தான் நினைக்கிறேன். கை வேகமாக ஓடுகிறது. மேற்பார்வையாளர் பாராட்டினார்!

ஆகஸ்ட் 2

என் வீட்டுக்காரர் தன் பைக்கை விற்றுவிட்டார். கேட்காமலே. பணத்தை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, "இனிமே நடந்துதான் டிப்போவுக்குப் போகணும். தொப்பை குறையும்" என்றார். பஸ் மெக்கானிக், நடந்து வேலைக்குப் போகிறார்.

அழுதேன். "அழாதே. படிச்சு முடி. முடிச்சு அவன் மூஞ்சிக்கு நேரா நில்லு. அது போதும் எனக்கு."

எனக்குப் போதாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 3, மறு வருடம்

பாஸ். நல்ல மதிப்பெண்.

மதியத்துக்குள் செய்தி மேலே போய்விட்டது. வள்ளல் ஆள் அனுப்பினான்: சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "எங்க பொண்ணு பாஸாயிடுச்சு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். வெட்கம் என்று ஒன்று இருந்தால் கடையில் விற்றுத் தின்றிருப்பான்.

போட்டோவுக்குப் போகவில்லை. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேக்கிங் அக்கா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போடி. திரும்பிப் பார்க்காதே."

பார்ப்பேன் அக்கா. நன்றாகத் திரும்பிப் பார்ப்பேன்.

நவம்பர் 17

மருந்து கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஆம், அவன் மூடிகளை வாங்குகிற அதே கம்பெனி. தரப் பிரிவு. தேடித்தான் விண்ணப்பித்தேன், மறைப்பானேன்?

பிப்ரவரி 8

ஆஸ்பத்திரிகளிலிருந்து புகார். பெட்டியைத் திறந்தால் சிரப் ஒழுகிக் கிடக்கிறதாம். மூடி செய்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு.

எங்கள் பிரிவின் மூத்தவரிடம் நானே சொன்னேன்: "அங்கே வேலை பார்த்தவ சார் நான். எனக்கு அந்த ஆள் மேல கோபம் இருக்கு."

"கோபம் இருக்கட்டும். பாட்டிலை நான் கவிழ்க்கிறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க. எங்கே பார்க்கணும்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

பிப்ரவரி 15

இன்று பழைய கம்பெனி வாசல் வழியாகப் போனேன்.

முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் — எப்படி எழுதுவேன் அந்த முகத்தை! தானே நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க மேடம்."

பிறகு மூத்தவரிடம் இளித்தான். "நம்ம பொண்ணுதான் சார். நாங்க படிக்க வச்சது."

"பாதி சார்" என்றேன். "பாதியில நிறுத்திட்டீங்க."

மூத்தவர் மூடிகளைத் திருகினார், கவிழ்த்தார். மேசையெல்லாம் சொட்டியது. அதே அச்சு! இன்னும் மாற்றவில்லை. கிளம்பும்போது வண்டி வரை ஓடி வந்தான். "பழசை மனசுல வச்சுக்காதீங்கம்மா."

வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்திருக்கிறேன். அவனோடு இனி வியாபாரமே வேண்டாம் என்று நான் பரிந்துரைத்தால் போதும், மூத்தவர் மறுக்க மாட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். இவ்வளவு பசித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 16

அக்கா போன் செய்தாள்.

"ஆர்டரை வெட்டப் போறியாமே? இங்க எல்லாரும் அதைத்தான் பேசிக்கிறாங்க."

"ஆமாக்கா."

"வெட்டு. அவன் முதல்ல எங்களை வெட்டுவான். அப்புறமும் அவன் கார்லதான் போவான். நாங்கதான் தெருவுல நிப்போம்." குரலைத் தாழ்த்தினாள். "அவனை விடுன்னு நான் சொல்லலடி. அவனுக்கு மட்டும் வலிக்கிற மாதிரி ஏதாவது யோசி. படிச்சவதானே நீ?"

கோபமாக வந்தது, அக்கா மேல்கூட. என் கைக்கு வந்ததைப் பிடுங்குகிறாளே!

பிப்ரவரி 18

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. அவனுக்கு எது வலிக்கும்? நஷ்டமா? அதை யார் தலையிலாவது கட்டிவிடுவான். கொடுக்க வேண்டும் — யாரும் கும்பிடாமல், போட்டோ இல்லாமல், நிறுத்தவும் முடியாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வலிக்கும்.

தனியாகச் சிரித்தேன். என்ன என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

பிப்ரவரி 20

மூத்தவர் ஒப்புக்கொண்டார். ஆர்டர் தொடர வேண்டுமென்றால் இவை: அச்சை மாற்ற வேண்டும். சோதனை மேசையில் இருப்பவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான், முதலாளியே வந்தாலும். அந்த மேசைக்கு விருப்பப்பட்டு வருகிற எல்லோருக்கும் அவன் கம்பெனியே பட்டப்படிப்புச் செலவை ஏற்க வேண்டும், ஆரம்பித்தால் முடியும்வரை.

"இது தண்டனையா, உதவியா?" என்று மூத்தவர் கேட்டார்.

"அவருக்குத் தண்டனை சார். நமக்குக் கசியாத மூடி."

அவனை வரவழைத்துச் சொன்னோம். முகம் சிவந்துவிட்டது.

"எல்லாரையும் நான் படிக்க வைக்கணுமா?"

"அதைத்தானே சார் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தீங்க?"

ஒத்துக்கொண்டான். வேறு வழி?

ஜூன் 5

அக்காவுக்கு இன்று காலேஜில் சேர்க்கை. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள்தான். கூட வா, பயமாக இருக்கிறது என்றாள். இந்த வயதில் ரெட்டைப் பின்னல் போடலாமா என்று வழியெல்லாம் ஒரே கேலி.

கட்டண வரிசையில் வள்ளல் நின்றுகொண்டிருந்தான். பாதியில் நிறுத்தின கம்பெனி என்பதால் காலேஜ் அவன் ஆட்களின் பேச்சை நம்பவில்லை. முதலாளியே நேரில் வந்து கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள். ஒரு பையனின் புத்தகப் பை அவன் வயிற்றில் இடித்துக்கொண்டே இருந்தது. மின்விசிறிக்கு அடியில் வர இன்னும் பாதி வரிசை போக வேண்டும்.

எங்களைப் பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

கவுண்டரில் இருக்கிறவர் எனக்கு நன்றாகப் பழக்கம். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனை முன்னால் கூப்பிட்டு முடித்துக் கொடுப்பார். அக்காவுக்கும் அது தெரியும்.

"வேர்த்து ஊத்துதுடி அந்த ஆளுக்கு. பாவம், போய்ச் சொல்லேன்."

எதிரே இருந்த பெஞ்சைக் கைக்குட்டையால் தட்டிவிட்டேன்.

"உக்காருக்கா. நமக்கு என்ன அவசரம்?"