கொதிக்கும் டீயில் நல்ல கிருமி

12 மே 1995, வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸ்.

வயிறு இன்னும் குமட்டுகிறது. சாயந்திரம் என் மனைவியின் தம்பி செந்தூலிலிருந்து வந்தான், கழுத்தில் டையும் கையில் டைரக்ட் சேல்ஸில் விற்கிற பவுடர் பெட்டியுமாக. ஸ்கேனில் என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்த செய்தி அதற்குள் அவனுக்குப் போய்விட்டது. இவள்தான் சொல்லியிருப்பாள்.

"மச்சான், இதுல இருக்கிறது எல்லாம் உயிருள்ள நல்ல கிருமி. குடலுக்குள்ள போச்சுன்னா கல்லீரல் தானா கிளீனாயிரும் லா" என்றான். சொல்லிக்கொண்டே ஒரு பாக்கெட்டைக் கிழித்து, ஆவி பறக்கும் டீயில் கொட்டிக் கலக்கினான். குடிக்க நன்றாக இருக்கட்டும் என்று இவள் அதில் கெட்டிப்பாலை வேறு ஊற்றினாள். டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னதே இனிப்பைத்தான்.

"கொதிக்கிற டீயில கிருமி சாகாதா?" என்று கேட்டேன்.

"இது ஸ்ட்ராங்கான கிருமி மச்சான்."

இவளும் தலையாட்டினாள். தயிருக்கு உறை ஊற்றும்போது பாலில் விரல் வைத்துப் பார்த்து, சூடு ஆறும்வரை காத்திருக்கிறவள்!

குடித்துத் தொலைத்தேன். அழுக்குத் துணி ஊறிய பாயசம் மாதிரி இருந்தது. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சீ.

டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. சோற்றைக் குறை, நட என்றார், அவ்வளவுதான். அதில்தான் இவள் பயந்துபோனாள். "மருந்தே இல்லாத வியாதியாங்க?" என்று அன்றைக்கே அழுதாள்.

இப்போது அவன் விட்டுப்போன பெட்டிக்கு விபூதி பூசி சாமி மேடையில் வைத்திருக்கிறாள். காலையில் தன் கையாலேயே டீயில் போட்டுக் கொல்லப்போகிற கிருமிகளுக்கு விளக்கேற்றி, என்னைக் காப்பாற்றச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.